டெக்சஸ் அரசமைப்பு: ஒரு வரிச்சலுகைக்கு மாநிலமே ஓட்டுப் போடுவது ஏன், அதிகாரம் யார் கையில்

கேள்வி இதுதான். 2025 நவம்பர் 4 அன்று டெக்சஸ் வாக்குச்சீட்டில் 17 அரசமைப்புத் திருத்தங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, குடியிருக்கும் வீட்டுக்கான பள்ளிவரி விலக்கை, அதாவது வீட்டு மதிப்பில் வரி விழாத தொகையை, 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 டாலராக உயர்த்துவது. இதைச் சட்டமன்றமே முடிவு செய்யக்கூடாதா? கவர்னர் கையெழுத்துப் போட்டால் போதாதா? அங்கே உண்மையில் ஆள்வது யார்?

போதாது. காரணம், மக்கள் ஒப்புக்கொண்ட அந்த 1,40,000 என்ற எண்ணே அரசமைப்பின் 8ஆம் விதியில் எழுதப்பட்டிருக்கிறது. வரி எல்லாருக்கும் சமமாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும், ஒவ்வொரு சொத்துக்கும் அதன் மதிப்புக்கு ஏற்ற வரி விழ வேண்டும் என்று அந்த விதி தொடங்குகிறது. விலக்கு என்று எது தந்தாலும் அதை அரசமைப்பே அனுமதித்திருக்க வேண்டும். ஆகவே தொகையை ஒரு டாலர் கூட்டுவதென்றாலும் மக்களிடம் வந்தாக வேண்டும்.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. நம் மாநிலங்களுக்குத் தனி அரசமைப்பு கிடையாது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எப்படி அமைய வேண்டும் என்பதும் இந்திய அரசமைப்பின் 6ஆம் பகுதியிலேயே இருக்கிறது. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 1957 முதல் 2019 வரை தனி அரசமைப்பு இருந்தது. அமெரிக்காவில் 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கொன்று உண்டு. அமெரிக்க அரசமைப்புக்குக் கட்டுப்பட்டே அவை செல்லும். ஆனால் பள்ளி, சொத்துவரி, காவல், மண முறிவு, வாடகை, நிலம், பெரும்பாலான குற்றங்கள் என்று அன்றாட வாழ்க்கையின் பெரும்பகுதி மாநிலத்தின் கையில்தான்.

அமெரிக்க அரசமைப்புக்கும் மாநில அரசமைப்புக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்ற வேண்டுமென்றால், அந்த அதிகாரத்தை அமெரிக்க அரசமைப்பு அதற்குக் கொடுத்திருக்க வேண்டும். மாநிலச் சட்டமன்றத்துக்கு அப்படி அல்ல. தடுக்கப்படாத எல்லாமே அதன் அதிகாரத்துக்குள் வரும். ஆகவே மாநில அரசமைப்பின் முக்கிய வேலை தடுப்பது. அமெரிக்க அரசமைப்பு திருத்தங்களையும் சேர்த்து 8,000 சொற்களுக்குள் முடிந்துவிடும். டெக்சஸ் அரசமைப்போ 80,000 சொற்களைத் தாண்டும். இதுவரை 500க்கும் மேற்பட்ட திருத்தங்கள் ஏறியிருக்கின்றன. ஒரு கதவைப் பூட்டிவிட்டு, வேண்டும்போதெல்லாம் அதில் சிறு ஓட்டை போட்டுக்கொண்டே வந்தால் இப்படித்தான் நீளும்.

இந்தப் பூட்டு மனப்பான்மை எங்கிருந்து வந்தது? உள்நாட்டுப் போருக்குப் பின் எழுதப்பட்ட 1869 அரசமைப்பு கவர்னருக்கு 4 ஆண்டுப் பதவியும் பரந்த நியமன அதிகாரமும் கொடுத்தது. அப்போதைய கவர்னர் எட்மண்ட் டேவிஸ் மாநிலக் காவல் படை அமைத்தார், வரியை உயர்த்தினார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பாதுகாக்க அந்தப் படை வேலை செய்ததும் பழைய ஆளும் வர்க்கத்தின் கோபத்துக்கு ஒரு காரணம். இதைச் சொல்லாமல் வெறும் 'கொடுங்கோல் கவர்னர்' கதையாகச் சொல்வது சரியல்ல. டேவிஸ் தோற்ற பிறகு 1875இல் 90 பிரதிநிதிகள் கூடினார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கத்தினர். செலவு மிச்சம் என்று சொல்லி, கூட்ட நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் குறிக்கக்கூட ஆள் வைக்க மறுத்தவர்கள் அவர்கள். கவர்னரின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் குறைத்தார்கள், பதவிகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள், அரசு கடன் வாங்குவதைக் கட்டுப்படுத்தினார்கள். 1876 பிப்ரவரி 15 அன்று மக்கள் ஒப்புதல் பெற்ற அந்த அரசமைப்புதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. புதிதாக எழுத 1974இல் சட்டமன்றமே மாநாடாகக் கூடியது. மூன்று ஓட்டு குறைந்து முயற்சி விழுந்தது. மறு ஆண்டு அதையே 8 திருத்தங்களாக்கி மக்கள் முன் வைத்தார்கள். எட்டையும் மக்கள் நிராகரித்தார்கள்.

திருத்தம் நிறைவேறும் வழி இது. சட்டமன்றத்தின் இரு அவைகளான ஹவுஸ், செனட் இரண்டிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதாவது ஹவுஸில் 150க்கு 100, செனட்டில் 31க்கு 21. கவர்னரின் கையெழுத்து தேவையில்லை, அவரால் இதை வீட்டோ செய்து தடுக்கவும் முடியாது. பிறகு மாநிலம் தழுவிய வாக்கெடுப்பு. வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால் போதும். கலிபோர்னியாவில் மக்களே கையெழுத்துத் திரட்டித் திருத்தம் கொண்டுவரலாம். டெக்சஸில் அதற்கு வழியில்லை, எதுவானாலும் சட்டமன்றத்திலிருந்தே வர வேண்டும். பெரும்பாலும் ஒற்றைப்படை ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு நடக்கும். அதிபர் தேர்தலோ கவர்னர் தேர்தலோ இல்லாத ஆண்டு அது, வாக்காளர் வருகை மிகக் குறைவு. வருகிற சிறு கூட்டம் மாநிலத்தின் அடிப்படைச் சட்டத்தையே மாற்றிவிட்டுப் போகிறது. ஓட்டுரிமை உள்ளவர்கள் இந்தத் தேர்தலைத் தவறவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

வாக்குச்சீட்டில் திருத்தத்தின் முழு வாசகம் இருக்காது. 'இன்னதைச் செய்ய வகை செய்யும் அரசமைப்புத் திருத்தம்' என்று ஒரே வாக்கியமும், ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்டங்களும் மட்டுமே. அந்த ஒரு வாக்கியத்தைச் சட்டமன்றமே எழுதுகிறது, ஆகவே கேட்க இனிமையாகத்தான் இருக்கும். சட்டமன்றத்தின் ஆய்வு அமைப்பான டெக்சஸ் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் ஒவ்வொரு முறையும் ஒரு பகுப்பாய்வு நூலை இலவசமாக வெளியிடுகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னணி, ஆதரவாளர் வாதம், எதிர்ப்பாளர் வாதம் மூன்றும் அதில் உண்டு. வீட்டில் அதைப் படித்து, முடிவுகளைத் தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். சாவடிக்குள் தாள் கொண்டு போகலாம், கைபேசி பயன்படுத்தக் கூடாது.

வீட்டு விலக்கையே பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டல்லாஸ் புறநகரான பிரிஸ்கோவிலோ ஹூஸ்டன் புறநகரான கேட்டியிலோ 5,00,000 டாலர் மதிப்புள்ள வீடு. உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் வரி வீதம் 100 டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1,40,000 கழிந்து 3,60,000க்கு மட்டும் வரி, அதாவது 3,600 டாலர். விலக்கு இல்லையென்றால் 5,000. இந்தக் கழிவு பள்ளி மாவட்ட வரியில் மட்டும்தான். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), நகரம், கல்லூரி மாவட்டம், மட் எனப்படும் நீர்ப் பயன்பாட்டு மாவட்டம் எல்லாவற்றுக்கும் கணக்கு வேறு. புறநகர் வீட்டுக்காரர்கள் திகைத்துப் பார்க்கும் அந்த மட் வரிக்கும் வேர் அரசமைப்பில்தான் இருக்கிறது. 1917இல் சேர்ந்த நீர்வளப் பாதுகாப்புத் திருத்தத்தின்கீழ் அமைந்தவை அந்த மாவட்டங்கள்.

விலக்கு தானாக வராது. அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், ஓட்டுநர் உரிமத்தில் அதே முகவரி இருக்க வேண்டும், சொத்து மதிப்பைக் கணக்கிடும் அலுவலகமான கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. பலருக்குச் சிக்கல் வருவது உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரியை மாற்றாமல் விடுவதில்தான். கெடு ஏப்ரல் 30. தவறினாலும் இரண்டு ஆண்டுகள் வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம். குடியுரிமை தேவையில்லை, எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் உண்டு. ஆனால் அந்த விலக்கை உயர்த்தும் வாக்கெடுப்பில் குடியுரிமை பெற்றவர் மட்டுமே ஓட்டுப் போடலாம், கிரீன் கார்டு போதாது. 65 வயது நிரம்பியவருக்குக் கூடுதலாக 60,000 டாலர் விலக்கும், பள்ளிவரி ஏறாத உச்சவரம்பும் உண்டு. இவையும் அரசமைப்பில் இருப்பவையே.

வீட்டின் மீது ரொக்கக் கடன் வாங்கியவர்கள் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். அதிலுள்ள நிபந்தனைகளில் பல வங்கியின் விதிகள் அல்ல, அரசமைப்பின் 16ஆம் விதி 50ஆம் பிரிவு. எல்லாக் கடனும் சேர்ந்து வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விண்ணப்பித்து 12 நாள் கழியாமல் முடிக்கக்கூடாது. முடிந்த பிறகும் 3 நாளுக்குள் வேண்டாம் என்று விலகலாம். கையெழுத்து கடன் கொடுப்பவர், வழக்கறிஞர், சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி ஆகிய மூன்றில் ஒன்றின் அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும், சாப்பாட்டு மேசையில் அல்ல. விதியை மீறி, எழுத்தில் சொன்ன பிறகும் 60 நாளில் சரிசெய்யாவிட்டால் கடன் கொடுத்தவர் அசலையும் வட்டியையும் இழக்க நேரும். 1997 திருத்தம் வரும்வரை இவ்வகைக் கடனே டெக்சஸில் கிடையாது. கடன்காரனிடமிருந்து குடியிருப்பைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது.

இனி ஆள்வது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், ஆட்சி நடத்துபவர் முதலமைச்சர். டெக்சஸ் கவர்னர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், அவரே ஆட்சித் தலைவர். அவருக்குச் சட்டமன்றத்தில் இருக்கை இல்லை, பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றும் இல்லை. லெப்டினன்ட் கவர்னரையும் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரோடு சேர்த்து நினைக்கக்கூடாது. அவர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு செனட்டுக்குத் தலைமை தாங்குபவர்.

கவர்னர் தன் அமைச்சரவையை அமைத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் பெரிய பதவிகளுக்கு மக்களே ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல், கருவூலக் கணக்குகளைப் பார்க்கும் கம்ப்ட்ரோலர், நில ஆணையர், வேளாண் ஆணையர், ரயில்ரோடு கமிஷனின் மூவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனித் தேர்தலில் வந்தவர்கள். கவர்னர் இவர்களுக்கு ஆணையிட முடியாது, நீக்கவும் முடியாது. பெரிய பதவிகளில் அவர் நியமிப்பவர் செகரட்டரி ஆஃப் ஸ்டேட், தேர்தல்களை மேற்பார்வை செய்பவர். மற்றபடி நூற்றுக்கணக்கான வாரியங்களுக்கும் ஆணையங்களுக்கும் உறுப்பினர்களை நியமிப்பார். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும். பதவிக்காலம் பெரும்பாலும் 6 ஆண்டுகள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் மாறுவார்கள். ஆகவே புதிதாக வரும் கவர்னர் முந்தையவர் வைத்த ஆட்களோடுதான் சில ஆண்டுகள் ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஜெயித்து எட்டுப் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டால் நிலைமை தலைகீழ், எல்லா வாரியமும் அவருடைய ஆட்களே. கவர்னர் பதவிக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பில்லை. ரிக் பெர்ரி 2000 டிசம்பரிலிருந்து 2015 ஜனவரி வரை இருந்தார், கிரெக் அபாட் 2015 முதல் இருக்கிறார். காகிதத்தில் பலவீனமான கவர்னர் பதவி இப்படித்தான் நடைமுறையில் வலுவடைந்தது. 1876இல் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1975 முதல் பதவிக்காலம் மறுபடி 4 ஆண்டாகிவிட்டது.

மன்னிப்பு அதிகாரத்திலும் பூட்டு உண்டு. மன்னிப்பு, பரோல் வாரியம் பரிந்துரைத்தால்தான் கவர்னர் தண்டனையைக் குறைக்க முடியும். தானாக அவர் செய்யக்கூடியது, மரண தண்டனையை ஒருமுறை 30 நாள் தள்ளிவைப்பது மட்டுமே. முன்பு கணக்கில்லாமல் மன்னிப்பு வழங்கப்பட்ட கசப்பில் 1936இல் வந்த திருத்தம் இது.

ரயில்ரோடு கமிஷனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1891இல் ரயில் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. இன்று ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எண்ணெயும் இயற்கை எரிவாயுவும்தான் அதன் பொறுப்பு. மின்சாரமோ கவர்னர் நியமிக்கும் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின்கீழ் வருகிறது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் இந்தப் பிரிவினையின் விலை தெரிந்தது. மின் நிலையங்கள் பல எரிவாயுவில் ஓடுகின்றன, எரிவாயுக் கிணறுகளும் அழுத்த நிலையங்களும் மின்சாரத்தில் ஓடுகின்றன. தடையில்லா மின்சாரம் தேவை என்று முன்கூட்டிப் பதிவு செய்யாத எரிவாயு நிலையங்களுக்கு மின்வெட்டின்போது மின்சாரம் போனது. எரிவாயு குறைந்து மின் நிலையங்கள் மேலும் படுத்தன. ஒரு முனைக்குப் பொறுப்பானவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள், மறுமுனையில் இருப்பவர்கள் கவர்னர் நியமித்தவர்கள், இருவருக்கும் பொதுவான மேலதிகாரி இல்லை. அந்தப் புயலில் இறந்தவர்கள் மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்கில் 246 பேர். அதன் பிறகு வந்த சட்டம் இரு தரப்பையும் சேர்த்து முக்கிய நிலையங்களின் வரைபடம் தயாரிக்கச் சொன்னது, குளிர்காப்பையும் கட்டாயமாக்கியது.

சட்டமன்றத்துக்குக் கடிகாரம்தான் எஜமான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரி இரண்டாம் செவ்வாய் நண்பகலில் கூடும். 140 நாளில் முடிய வேண்டும். உறுப்பினர் சம்பளம் மாதம் 600 டாலர் என்று அரசமைப்பே சொல்கிறது, கூட்ட நாட்களுக்குப் படி தனி. இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே வழக்கறிஞர், தொழிலதிபர், வசதியாக ஓய்வு பெற்றவர் போன்றோர்தான் பெரும்பாலும் வர முடிகிறது. இதை நான் குறையாகவே பார்க்கிறேன். அரசியலை முழுநேரத் தொழிலாக்கக்கூடாது என்று எழுதிய விதி, மாதச் சம்பளக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

2025 கூட்டத்தில் தாக்கலான மசோதாக்கள் 8,000க்கு மேல், நிறைவேறியவை சுமார் 1,200. மற்றவை எங்கே சாகின்றன என்று தெரிந்தால்தான் நம் மசோதாவை எங்கே காப்பாற்றலாம் என்று தெரியும். முதல் 60 நாளில் மசோதாவை அவையில் நிறைவேற்ற முடியாது. கவர்னர் அவசரம் என்று அறிவித்தவற்றுக்கு மட்டும் விலக்கு, மற்றபடி ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர் ஒப்ப வேண்டும். 60ஆம் நாளோடு தாக்கல் கெடுவும் பொதுவாக முடியும். அதாவது மார்ச் நடுப்பகுதி வரை ஏற்பாடு, அதன்பின் ஓட்டம். எந்தக் குழுவுக்குப் போவது என்பதை ஹவுஸில் ஸ்பீக்கரும் செனட்டில் லெப்டினன்ட் கவர்னரும் முடிவு செய்கிறார்கள். குழுத் தலைவர் விசாரணைக்கு எடுக்காவிட்டால் அங்கேயே முடிந்தது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஹவுஸில் அதைத் தாண்டினால் காலண்டர்ஸ் கமிட்டி என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. எந்த மசோதா எந்த நாள் அவைக்கு வரும் என்று பட்டியல் போடும் குழு அது. பட்டியலில் பெயர் வராமலே மடிகிறவை ஏராளம். மே நடுவில் ஹவுஸ் மசோதாக்களுக்கான கெடு வரும்போது எதிர்ப்பாளர்கள் சிறு மசோதாக்களின் மீது வேண்டுமென்றே நீளமாகப் பேசி நள்ளிரவு வரை இழுப்பார்கள். மணி 12 அடித்தால் பட்டியலில் மிச்சமிருப்பது அத்தனையும் போச்சு.

எழுத்துப் பிழையும் கொல்லும். குழு அறிக்கையிலோ மசோதாவின் பகுப்பாய்விலோ தவறான தகவல் இருந்தால் ஓர் உறுப்பினர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். அது ஏற்கப்பட்டால் மசோதா குழுவுக்கே திரும்பும். மே மாதத்தில் திரும்பினால் மறுபடி வர நேரம் இருக்காது. ஒரு மசோதாவில் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்ற அரசமைப்பு விதியும் இப்படிப் பயன்படும்.

செனட்டில் வேறு கணக்கு. மசோதாவை அவைக்குக் கொண்டுவரவே 31 பேரில் 18 பேர் சம்மதிக்க வேண்டும் என்பது அவர்கள் 2021இல் வைத்துக்கொண்ட விதி. அதற்கு முன் 19, 2015க்கு முன் மூன்றில் இரண்டு பங்கு. ஆளுங்கட்சியின் எண்ணிக்கைக்கேற்ப இந்த எண் இறங்கி வந்திருக்கிறது. குழுக்களை அமைப்பது, தலைவர்களை நியமிப்பது, யாரைப் பேச அழைப்பது எல்லாம் லெப்டினன்ட் கவர்னரின் கையில். இதில் பெரும்பகுதி அரசமைப்பு கொடுத்ததல்ல, செனட் தன் விதிகளில் கொடுத்தது. செனட்டர்கள் நினைத்தால் திருப்பி எடுக்கலாம், எடுப்பதில்லை. டெக்சஸில் மிக வலுவான பதவி எது என்று கேட்டால், கூட்டம் நடக்கும் 140 நாளில் இவருடையது, மீதி நாட்களில் கவர்னருடையது என்றுதான் சொல்வேன்.

கோரம், அதாவது அவை நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, மூன்றில் இரண்டு பங்கு. பல மாநிலங்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். ஹவுஸில் 51 பேர் வராவிட்டால் வேலை நிற்கும். சிறுபான்மைக் கட்சி கடைசி ஆயுதமாக மாநிலத்தைவிட்டே வெளியேறுவது இதனால்தான். 2003இல் ஓக்லஹோமாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும், 2021இல் வாஷிங்டனுக்கும், 2025 ஆகஸ்டில் இலினாய்ஸுக்கும் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் போனார்கள். எல்லை தாண்டினால் டெக்சஸ் காவலர்களால் பிடித்து வர முடியாது. ஆனால் இந்த மூன்று முறையும் எதிர்த்தவை இறுதியில் நிறைவேறிவிட்டன. காரணம், கவர்னர் சிறப்புக் கூட்டத்தை மறுபடி மறுபடி அழைக்கலாம். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 30 நாள், எத்தனை முறை என்ற வரம்பில்லை. எதைப் பேசலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். 2023இல் மட்டும் நான்கு சிறப்புக் கூட்டங்கள் நடந்தன.

வீட்டோவின் கதையும் கடிகாரத்தோடு சேர்ந்ததே. கூட்டம் நடக்கும்போது கவர்னருக்கு ஞாயிறு நீங்கலாக 10 நாள். கூட்டம் முடிந்தபின் 20 நாள். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் மசோதா சட்டமாகிவிடும். மூன்றில் இரண்டு பங்கால் வீட்டோவை முறியடிக்கலாம் என்று அரசமைப்பு சொல்கிறது. ஆனால் முக்கியமான மசோதாக்கள் கடைசி பத்து நாளில்தான் கவர்னரின் மேசைக்கு வரும். அவர் வீட்டோ செய்யும்போது சட்டமன்றம் கலைந்து போயிருக்கும். கடைசியாக வீட்டோ முறியடிக்கப்பட்டது 1979இல். 2001இல் பெர்ரி 80க்கு மேற்பட்ட மசோதாக்களை வீட்டோ செய்தார், பெரும்பாலானவை கெடு முடியும் அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில். பட்ஜெட்டில் தனித்தனி இனங்களையும் அவர் வெட்டலாம். 2021இல் உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்து கோரம் இல்லாமல் ஆக்கியபின், சட்டமன்றத்துக்கும் அதன் ஊழியர்களுக்குமான நிதியையே அபாட் வெட்டினார். பிறகு சிறப்புக் கூட்டத்தில் அது மீட்கப்பட்டது. சம்பளம் போகும் பயத்தில் இருந்தவர்கள் வெளிநடப்பு செய்த உறுப்பினர்கள் அல்ல, ஊழியர்கள். உறுப்பினர் சம்பளம்தான் அரசமைப்பில் பாதுகாப்பாக இருக்கிறதே.

பணப்பெட்டியின் சாவி கம்ப்ட்ரோலரிடம். அடுத்த இரண்டு ஆண்டுக்கு இவ்வளவு வருவாய் வரும் என்று கூட்டத்தின் தொடக்கத்தில் அவர் மதிப்பீடு தருவார். பட்ஜெட் அந்த வருவாய்க்குள் அடங்கும் என்று அவர் சான்றளித்தால்தான் செல்லும். மீற வேண்டுமானால் ஐந்தில் நான்கு பங்கு ஓட்டு வேண்டும். இரண்டு ஆண்டு பட்ஜெட் இப்போது 30,000 கோடி டாலருக்கு மேல். தனிநபர் வருமான வரியோ 2019 திருத்தத்தால் அரசமைப்பிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. மாநிலம் தன் பெயரில் சொத்துவரி போடவும் தடை. ஆகவே விற்பனை வரி மாநிலத்துக்கு, சொத்துவரி உள்ளூர் அமைப்புகளுக்கு. பள்ளிகளுக்குத் திறம்பட்ட இலவசக் கல்வி முறை வேண்டும் என்று 7ஆம் விதி சொல்கிறது. வளமான பகுதிக்கும் வறிய பகுதிக்கும் இடையில் இருந்த ஏற்றத்தாழ்வு அந்த விதிக்கு முரண் என்று 1989இல் எட்ஜ்வுட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. செழிப்பான மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கு மாநிலத்துக்குப் போகும் ஏற்பாடு அதன் விளைவு.

நீதிமன்றங்களுக்கு இரட்டைத் தலை. சிவில் வழக்குக்கு 9 பேர் கொண்ட உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குக்கு 9 பேர் கொண்ட கிரிமினல் அப்பீல் நீதிமன்றம். அமெரிக்காவில் ஓக்லஹோமாவிலும் டெக்சஸிலும் மட்டுமே இந்த அமைப்பு. சிறார் வழக்குகள் சிவில் என்று கணக்காவதால் உச்ச நீதிமன்றத்துக்குப் போகும், மரண தண்டனை அப்பீல் நேராகக் கிரிமினல் அப்பீல் நீதிமன்றத்துக்கு. 2ஆம் விதியின் அதிகாரப் பிரிவினை எவ்வளவு கறாரானது என்பதற்கு 2021 டிசம்பர் தீர்ப்பு ஒன்றைப் பார்க்கலாம். மாவட்ட அரசு வழக்கறிஞர் நீதித்துறை விதியில் இடம்பெற்றவர், அட்டர்னி ஜெனரல் நிர்வாகத் துறை. ஆகவே உள்ளூர் வழக்கறிஞர் அழைக்காமல் அட்டர்னி ஜெனரல் தேர்தல் குற்ற வழக்கைத் தானே நடத்த முடியாது என்று கிரிமினல் அப்பீல் நீதிமன்றம் சொன்னது.

நீதிபதிகள் கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்கிறார்கள். மாவட்ட நீதிபதிக்கு 4 ஆண்டு, மேல்முறையீட்டு நீதிபதிக்கு 6 ஆண்டு. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் ஒரே சீட்டில் பல பத்து நீதிபதி இடங்கள் வரும். தெரியாத பெயர்களுக்குக் கட்சி பார்த்தே ஓட்டு விழுகிறது. இடையில் காலியாகும் மாவட்ட, மேல்முறையீட்டு இடங்களைக் கவர்னர் நிரப்புவதால், உச்ச நீதிமன்றத்துக்குப் பலர் முதலில் நியமனமாகத்தான் வருகிறார்கள்.

சாமானியர் கால் வைக்கக்கூடியது ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் நீதிமன்றம். 20,000 டாலர் வரையிலான வழக்கும் வீடு காலி செய்யும் வழக்கும் அங்கே. நீதிபதி சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, நீங்களும் வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அபார்ட்மென்ட் அட்வான்ஸ் திரும்பி வராத வழக்கு அதிகம் வரும் இடம் இது. காலி செய்து 30 நாளுக்குள் அட்வான்ஸ் திரும்ப வேண்டும், ஆனால் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்த பிறகே அந்தக் கடமை தொடங்கும். பலர் அதைக் கொடுக்காமலே காத்திருக்கிறார்கள். தீர்ப்பு பாதகமானால் 21 நாளுக்குள் கவுண்டி நீதிமன்றத்தில் அப்பீல், அங்கே விசாரணை முதலிலிருந்து நடக்கும். காலி செய்யும் வழக்கில் 5 நாள்தான். கவுண்டி ஜட்ஜ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரிய கவுண்டிகளில் அவர் நிர்வாகத் தலைவர், பட்ஜெட்டும் வெள்ளமும் சாலையும் அவர் வேலை. 254 கவுண்டிகளிலும் இதே அமைப்பு. மாநிலம் சட்டத்தில் கொடுத்த அதிகாரத்தைத் தவிர கவுண்டிக்கு வேறு கிடையாது. 5,000 பேருக்கு மேற்பட்ட நகரம் தனக்கென்று சாசனம் எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே ஒரு குறையைச் சொல்லப் போகும் முன் கதவைச் சரிபாருங்கள். வீட்டு மதிப்பீடு அதிகம் என்றால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் மே 15க்குள், அல்லது நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள், இரண்டில் பிந்தியதற்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். வரி வீதம் அதிகம் என்றால் பள்ளி வாரியத்திடமும் கவுண்டியிடமும். சட்டமே மாற வேண்டுமென்றால் உங்கள் ஹவுஸ் உறுப்பினர், செனட்டர், அவர்களோடு அந்தக் குழுத் தலைவர். குழு விசாரணையில் சாட்சியம் சொல்லக் குடியுரிமை கேட்க மாட்டார்கள். ஆஸ்டினில் கேபிடல் கட்டடத்துக்குப் போய், ஆதரவு, எதிர்ப்பு, பொது என்று மூன்றில் ஒன்றைப் பதிந்தால் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். செனட் விசாரணைக்கு 24 மணி நேர முன்னறிவிப்புதான் தருவார்கள், டல்லாஸிலிருந்து போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வழக்கமான கூட்டம் 2027 ஜனவரி 12 அன்று தொடங்கும். மசோதா எழுதித் தர உறுப்பினரின் அலுவலகத்தைக் கேட்கச் சரியான காலம் அதற்கு முந்தைய கோடையும் இலையுதிர்காலமும். பிப்ரவரியில் போனால் ஊழியர்களுக்கு உங்களைப் பார்க்கவே நேரம் இருக்காது.